எண்ணெயில் டி.என்.ஏ இல்லை, அப்புறம் லேபிள் எதற்கு?

ஒரே வயலில் விளைந்த மரபணு மாற்றப்பட்ட சோயா. அதை நசுக்கி, கரைப்பானில் எண்ணெயைப் பிரித்து, நிறம் போக்கி, வாடை போக்கி இரண்டு பாட்டில்களில் அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஜெர்மனிக்குப் போகிறது, இன்னொன்று ஜப்பானுக்கு. ஜெர்மனியில் கடைக்கு வரும் பாட்டிலில் 'மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து தயாரிக்கப்பட்டது' என்று அச்சிட்டே ஆகவேண்டும். ஜப்பானில் ஒரு வார்த்தையும் தேவையில்லை. எண்ணெய் என்னவோ சொட்டுக்குச் சொட்டு ஒன்றுதான். சுத்திகரிப்பில் புரதமும் டி.என்.ஏவும் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடுகின்றன, மிஞ்சுவது கொழுப்பு மட்டும். ஆய்வகத்தில் கொடுத்துக் கேட்டால் இது மாற்றிய சோயாவா சாதா சோயாவா என்று சொல்ல அவர்களே திணறுவார்கள்.

இரண்டு நாட்டில் ஒன்று தப்புச் செய்கிறது என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஜப்பான் கேட்கும் கேள்வி, 'இந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?'. ஐரோப்பா கேட்கும் கேள்வி, 'இது எப்படி இங்கே வந்தது?'. லேபிள் பற்றி 30 வருஷமாக நடக்கும் சண்டையில் பாதி, ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, எதிரில் இருப்பவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதால் வருவது. நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது சந்தேகம் வேண்டாம்: லேபிள் வேண்டும் என்கிற ஆள் நான். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் ஆரோக்கியம் இல்லை. லேபிள் கேட்பவர்களில் பலர் சொல்லும் ஆரோக்கியக் காரணத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். மரபணு மாற்றப்பட்ட உணவு என்றதும் பலருக்கு மனதில் வருவது ஊசி குத்திய தக்காளிப் படம். நிஜத்தில் பெரும் பரப்பில் விளைவது சோயா, மக்காச்சோளம், பருத்தி, எண்ணெய் வித்தான கனோலா, சில இடங்களில் சர்க்கரைக் கிழங்கு, அதாவது சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு. இவற்றில் செய்யப்பட்ட மாற்றங்களும் பெரும்பாலும் இரண்டே வகை. களைக்கொல்லியைத் தெளித்தால் களை சாகும், பயிர் தாங்கும் என்பது ஒன்று. பி.டி எனப்படும் மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்ததால் பயிரே சில புழுக்களுக்கு எதிரான புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் விதைக்கும் சோயாவிலும் மக்காச்சோளத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்த ரகங்கள்தான். அதில் பெரும் பங்கு நேராக மனிதர் தட்டுக்கு வருவதில்லை. மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது, அல்லது எண்ணெய், மாவுச்சத்து, சோளச் சிரப், சர்க்கரை, லெசித்தின் என்று உடைந்து, பாக்கெட் உணவின் பொருள் பட்டியலில் ஏழாவது எட்டாவது வரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே லேபிள் சண்டை என்பது முழுப் பழம், முழுத் தானியம் பற்றிய சண்டையாக இருப்பது அபூர்வம். எண்ணெயும் சர்க்கரையும் தீவனமும்தான் இதில் உண்மையான களம். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், எந்த வார்த்தையை எங்கே வைத்தால் எத்தனை பாக்கெட் தப்பிக்கும் என்பதும் தெரியும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1992ல் எடுத்த முடிவில்தான் கதை தொடங்குகிறது. புதிய ரகம் எந்த முறையில் உருவானது என்பது எங்களுக்கு முக்கியமில்லை, வந்த உணவு எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்ப்போம், சத்து மாறினாலோ ஒவ்வாமை தரும் பொருள் புதிதாக வந்தாலோ அதை லேபிளில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தனி லேபிள் தேவையில்லை என்றார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது, அந்த எச்சரிக்கைக்கு ஒரு நல்ல உதாரணமும் சீக்கிரமே கிடைத்தது. சோயா தீவனத்தில் குறையும் ஒரு அமினோ அமிலத்தைக் கூட்டுவதற்காக பயனியர் என்ற விதை நிறுவனம் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சோயாவில் சேர்த்திருந்தது. பிரேசில் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தைக் கொண்டு சோதித்தபோது, ஒவ்வாமை தரும் புரதமே சோயாவுக்கு இடம் மாறியிருப்பது தெரிந்தது. 1996ல் அந்த ஆய்வு வெளியானது. அந்தச் சோயா கடைக்கு வரவே இல்லை. எதிர்ப்பாளர்கள் இதை ஆபத்துக்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள், ஆதரவாளர்கள் சோதனை முறை வேலை செய்ததற்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மைதான் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த கதை, தக்காளிக் கதை. கால்ஜீன் நிறுவனத்தின் 'ஃப்ளேவர் சேவர்' தக்காளி 1994ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது. சட்டம் கேட்காமலேயே அந்த நிறுவனம் இது மாற்றப்பட்ட தக்காளி என்று கடையில் விளக்கம் வைத்தது. வியாபாரம் நிலைக்காததற்குக் காரணம் லேபிள் இல்லை, உற்பத்திச் செலவும் பழத்தைச் சேதமில்லாமல் கொண்டுபோக முடியாததும்தான். அதன் பிறகு 1996ல் பிரிட்டனில் செனெகா நிறுவனத்தின் தக்காளிப் பேஸ்ட் இரண்டு பெரிய கடைச் சங்கிலிகளில் வந்தது. டப்பாவிலேயே, பெரிய எழுத்தில், மரபணு மாற்றப்பட்ட தக்காளியில் செய்தது என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த சாதாப் பேஸ்ட்டைவிட மலிவு. நன்றாக விற்றது. யாரும் அலறவில்லை, மறியல் செய்யவில்லை. லேபிள் போட்டால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இந்த டப்பாவைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

அதே 1996ல் வேறொன்று நடந்தது. களைக்கொல்லியைத் தாங்கும் சோயா அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் வந்தது, சாதாச் சோயாவோடு கலந்து. பிரித்துத் தர முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை என்று ஏற்றுமதி செய்தவர்கள் சொன்னார்கள். சோயா எதில்தான் இல்லை? பிஸ்கட், சாக்லேட், மார்கரின், குழந்தை உணவு வரை. நேரமும் மோசமான நேரம். மாட்டுப் பைத்திய நோய்க்கும் மனிதருக்கு வரும் ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டன் அரசாங்கம் அந்த வருஷம் மார்ச்சில்தான் ஒப்புக்கொண்டிருந்தது, அதுவும் மாட்டிறைச்சிக்கு ஒன்றும் இல்லை என்று பல வருஷம் சாதித்த பிறகு. பாதுகாப்பானது என்று அதிகாரிகள் சொன்னால் கேட்டுக்கொள்ளும் பழக்கமே ஜனங்களுக்கு விட்டுப்போயிருந்தது. அந்த நேரத்தில் போய், நீங்கள் சாப்பிடுவதில் புதிதாக ஒன்று இருக்கிறது, எதில் என்று மட்டும் சொல்ல முடியாது என்றால்?

1998, 1999ல் எதிர்ப்பு உச்சத்துக்குப் போனபோது தக்காளிப் பேஸ்ட்டும் அலமாரியிலிருந்து போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். லேபிளை எதிர்ப்பவர் இதைக் காட்டி, காற்று நல்லபடி அடிக்கும்வரைதான் லேபிள் தாங்கும், மாறி அடித்தால் அதுவே எதிரிக்குக் குறி காட்டிக் கொடுக்கும் என்பார். மறுக்க மாட்டேன். ஆனால் காற்றை மாற்றியதில் லேபிள் போட்ட தக்காளியைவிட லேபிள் இல்லாத சோயாவுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. கேட்காமல் ஊட்டிவிட்டார்கள் என்கிற கோபம் வேறு வகைக் கோபம், அதற்கு ஆய்வறிக்கை மருந்தாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1997ல் புதுவகை உணவுகளுக்கான சட்டத்தில் தொடங்கி, 2003ல் இயற்றி 2004 ஏப்ரலிலிருந்து அமல்படுத்திய இரண்டு சட்டங்களில் வந்து நின்றது. முதலில் டி.என்.ஏ அல்லது புரதம் கண்டுபிடிக்கப்பட்டால் லேபிள் என்றிருந்ததை, மூலப்பொருள் மாற்றப்பட்டதாக இருந்தாலே லேபிள், கண்டுபிடிக்க முடிகிறதோ இல்லையோ என்று மாற்றினார்கள். வயலிலிருந்து கடை வரை ஒவ்வொரு கையும் அடுத்த கைக்கு எழுத்தில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இதற்குப் பெயர் தடமறிதல். பாட்டிலுக்குள் சாட்சி இல்லாததால் காகிதம்தான் சாட்சி.

கடுமையான சட்டம் என்று பேர் வாங்கிய இதிலேயே இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். மாற்றப்பட்ட சோயாவைத் தின்று வளர்ந்த மாட்டின் பால், இறைச்சி, கோழியின் முட்டை, எதற்கும் லேபிள் இல்லை. தீவன மூட்டையில் லேபிள் உண்டு, அதைத் தின்ற கோழிக்கு இல்லை. ஐரோப்பா இறக்குமதி செய்யும் சோயாவில் பெரும்பகுதி தீவனத்துக்குத்தான் போகிறது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அப்புறம் சீஸ். பாலைத் திரிய வைக்க முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த கைமோசின் நொதியை இப்போது மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1990லேயே அனுமதி கிடைத்தது, மரபணு மாற்றத்தால் வந்த முதல் உணவுப் பொருள் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சீஸுக்கும் லேபிள் இல்லை, ஏனென்றால் அது மாற்றப்பட்ட உயிரி'யிலிருந்து' வந்தது இல்லையாம், அந்த உயிரியின் 'உதவியோடு' செய்தது மட்டும்தானாம். ஒரு வேற்றுமை உருபை மாற்றினால் சீஸ் முழுவதும் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. 'எப்படி வந்தது' என்று கேட்கும் சட்டம்கூட எங்கே கேட்டால் பால் பண்ணைகளும் சீஸ் ஆலைகளும் எதிரே வந்து நிற்குமோ அங்கே கேட்பதில்லை.

சரி, லேபிள் கட்டாயமான பிறகு ஐரோப்பியக் கடைகளில் என்ன ஆனது? அந்த லேபிளையே அங்கே பார்ப்பது அபூர்வம். வாங்குபவர் படித்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று போட்ட சட்டம் வந்ததும், வாங்குபவர் கண்ணில் படுவதற்கு முன்பே உற்பத்தியாளர்கள் மூலப்பொருளை மாற்றிவிட்டார்கள். தேர்வு செய்தது வாடிக்கையாளர் இல்லை, கொள்முதல் மேலாளர். லேபிள் என்பது மறைமுகத் தடை என்று மறுதரப்பு சொல்வதற்கு இதுதான் அவர்களின் வலுவான ஆதாரம், இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் வழக்கும் வாக்கெடுப்புமாக நடந்தது. மாட்டுக்குப் பால் சுரப்பைக் கூட்டப் போடும் செயற்கை ஹார்மோன் பற்றி லேபிளில் சொல்ல வேண்டும் என்று வெர்மான்ட் மாநிலம் 1994ல் சட்டம் போட்டது. 1996ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. மாநிலம் ஆரோக்கியத்தைக் காரணமாகச் சொல்லவில்லை, ஜனங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்றுதான் சொன்னது. வெறும் ஆர்வத்துக்காக ஒரு வியாபாரியை அவர் விருப்பத்துக்கு எதிராகப் பேச வைக்க முடியாது, அது பேச்சுரிமைக்கு விரோதம் என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பின் பக்கவிளைவைத்தான் யாரும் பேசுவதில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை என்று மட்டும் சொன்னால் வழக்கு நிற்காது, ஆபத்து என்று சொன்னால் நிற்கலாம் என்று ஆகிவிட்டபோது, லேபிள் கேட்பவர் எதைப் பேசுவார்? இல்லாத ஆபத்தையும் சேர்த்துப் பேசும்படி அவரைத் தள்ளியதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

2012 நவம்பரில் கலிபோர்னியாவில் லேபிளைக் கட்டாயமாக்கும் 37ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆரம்பக் கருத்துக் கணிப்புகளில் லேபிளுக்குப் பெரிய ஆதரவு. எதிர்த் தரப்பில் விதை நிறுவனங்களும் உணவு நிறுவனங்களும் சேர்ந்து 4.5 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தன, ஆதரவுத் தரப்பில் சுமார் 90 லட்சம். 51.4க்கு 48.6 என்று தோற்றது. அடுத்த வருஷம் வாஷிங்டன் மாநிலத்திலும் தோல்வி. 2014ல் ஓரிகனில் 15 லட்சம் பேருக்கு மேல் வாக்களித்து, மறு எண்ணிக்கைக்குப் பிறகு 837 வாக்குகளில் தோற்றது. எதிர்ப் பிரசாரத்தில் ஆரோக்கியத்தைவிட விலைவாசிதான் அதிகம் பேசப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 400 டாலர் கூடும் என்று எதிர்த் தரப்பு ஏற்பாடு செய்த மதிப்பீடு சொன்னது. நுகர்வோர் அமைப்பு ஒன்று ஏற்பாடு செய்த மதிப்பீட்டில் ஆளுக்கு வருஷம் 2 டாலர் 30 சென்ட். இவ்வளவு வித்தியாசம் கணக்குத் தப்பால் வந்தது என்று நினைக்காதீர்கள். பாக்கெட்டில் ஒரு வரி சேர்க்க ஆகும் மையின் செலவை ஒருவர் கணக்கிட்டார், லேபிளுக்குப் பயந்து எல்லா நிறுவனமும் மாற்றப்படாத தானியத்துக்குத் தாவினால் ஆகும் செலவை மற்றவர் கணக்கிட்டார். ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கணக்கு முழுக் கற்பனை என்று சொல்ல வராது. முதல் கணக்கைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு கட்டாய லேபிளை அமல்படுத்திக் காட்டியது ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அதே வெர்மான்ட். 2014ல் போட்ட சட்டம் 2016 ஜூலை 1ல் அமலுக்கு வந்தது. அந்தச் சின்ன மாநிலத்துக்கென்று தனிப் பாக்கெட் அச்சடிக்க முடியாது என்று பெரிய நிறுவனங்கள் சில நாடு முழுக்க லேபிள் போடத் தொடங்கின. நான்கே வாரம். ஜூலை 29ல் ஒபாமா கையெழுத்திட்ட தேசியச் சட்டம் எல்லா மாநிலச் சட்டங்களையும் செல்லாததாக்கியது. அந்தக் கொஞ்சக் காலத்து வெர்மான்ட் லேபிள் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனது, ஆராய்ச்சியாளர்களுக்குச் சோதனைக் களம் கொடுத்தது. லேபிளுக்கு முன்பும் பின்பும் அந்த மாநிலத்தவரின் மனநிலையை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு 2018ல் வெளியான ஆய்வு, லேபிள் வந்த பிறகு மரபணு மாற்றிய உணவுக்கான எதிர்ப்பு வெர்மான்ட்டில் 19 சதவீதம் குறைந்தது என்று சொன்னது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒளிக்கிறார்கள் என்கிற எண்ணம் போனாலே பாதிப் பயம் போய்விடும். ஒரு மாநிலம், ஒரு ஆய்வு, அதுவும் கொஞ்சக் காலம் என்பதை மறந்துவிட்டு இதைத் தூக்கிப் பிடிக்க முடியாதுதான், இருந்தாலும் பயமுறுத்தும் என்று ஆரூடம் சொன்னவர்களின் கையில் இவ்வளவு ஆதாரம்கூட இல்லை.

தேசியச் சட்டத்தில் என்ன வந்தது? முதலில் வார்த்தையை மாற்றினார்கள். 30 வருஷமாக ஜனங்கள் ஜி.எம்.ஓ (மரபணு மாற்றப்பட்ட உயிரி) என்று சொல்லிப் பழகியிருக்க, லேபிளில் வரவேண்டிய சொல் 'பயோஎன்ஜினியர்ட்' (உயிரிப் பொறியியலில் உருவானது) என்றார்கள். சூரியனும் வயலும் செடியுமாக ஒரு பச்சை வட்டச் சின்னம் வேறு, பார்த்தால் இயற்கை விவசாயத்துக்கான விளம்பரம் மாதிரி இருக்கும். அப்புறம் அதைக்கூடப் போட வேண்டியதில்லை, க்யூஆர் கோடு ஒன்றை வைத்தால் போதும், வேண்டுபவர் போனில் ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வழி. விவசாயத் துறைக்காகவே 2017ல் செய்யப்பட்ட ஆய்வில், 85 சதவீதம் பேருக்கு அந்தக் கோடைப் பயன்படுத்துவதில் ஏதோ ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டு அந்த வழியை விதியில் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் விதி கட்டாயமானது. அதே வருஷம் செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், க்யூஆர் கோடு எட்டாத வாடிக்கையாளர்களுக்குச் சட்டம் கேட்ட மாற்று ஏற்பாட்டைத் துறை ஒழுங்காகச் செய்யவில்லை என்று திருப்பி அனுப்பியது. கோடு வைத்த பாக்கெட்டை நினைத்தால் எனக்கு ஒப்பந்தக் காகிதத்தின் அடியில் வரும் பொடி எழுத்துதான் ஞாபகம் வருகிறது. சொன்னோம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யாரும் படிக்கப் போவதில்லை.

2018ல் இறுதி செய்த அந்த விதியில் இன்னும் பெரிய விஷயம், சுத்திகரித்த எண்ணெயும் சர்க்கரையும். மாற்றப்பட்ட மரபணுப் பொருள் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருந்தால் அது பயோஎன்ஜினியர்ட் உணவே இல்லை என்று அந்த விதி சொன்னது. அமெரிக்கச் சர்க்கரைக் கிழங்கு ஏறக்குறைய முழுவதும் மாற்றப்பட்ட ரகம், ஆனால் அதிலிருந்து வரும் சர்க்கரை வெறும் சுக்ரோஸ். கரும்பின் சுக்ரோஸும் அதே மூலக்கூறுதான். 'உள்ளே என்ன' என்று கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, 'எப்படி வந்தது' என்று கேட்டால் மலைக்கும் மடுவுக்கும். ஆக நான் முதலில் சொன்ன இரண்டு பாட்டிலில் அமெரிக்கா ஜப்பான் பக்கம் போய் நின்றுகொண்டது. ஆஸ்திரேலியாவும் கிட்டத்தட்ட அங்கேதான். சீனா எண்ணெய்க்கும் லேபிள் கேட்கிறது. பிரேசில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு 'டி' எழுத்தைப் போடச் சொன்னது. கனடா கட்டாயமே இல்லை என்றது. 2015ல் அமெரிக்கா அனுமதித்த, வேகமாக வளரும் மரபணு மாற்றிய சால்மன் மீன் முதலில் விற்றது கனடாவில்தான். சுமார் 4.5 டன் விற்றாகிவிட்டது என்று 2017ல் நிறுவனம் சொன்ன பிறகுதான் அங்கே இருந்தவர்களுக்கே தெரியும், யார் தட்டுக்குப் போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. உலக உணவுத் தரங்களைப் பேசும் கோடெக்ஸ் அமைப்பில் 1990களில் தொடங்கிய இந்தப் பேச்சு 2011ல் முடிந்தது, எப்படி முடிந்தது என்றால், ஒவ்வொரு நாடும் தனக்குச் சரி என்று படுவதைச் செய்யலாம் என்று.

சதவீதக் கணக்கு ஒரு தனிக் கூத்து. தெரியாமல் கலந்துபோவதை எவ்வளவு வரை மன்னிக்கலாம்? ஐரோப்பாவில் 0.9, ஆஸ்திரேலியாவில் 1, தென் கொரியாவில் 3, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 5. உடம்புக்கு இவ்வளவு வரை ஆகும் என்று யாரோ ஆராய்ந்து சொன்ன எண்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லவே இல்லை. ஒரே அறுவடை இயந்திரம், ஒரே லாரி, ஒரே தானியக் கிடங்கு, ஒரே கப்பல் என்று போகும்போது முந்தைய சரக்கின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும், காற்றில் மகரந்தம் வரும். அதை எந்த அளவுக்குக் கழுவித் துடைக்கச் சொல்லலாம் என்று வியாபாரமும் அரசியலும் பேரம் பேசி வந்து நின்ற இடம்தான் இந்த எண்கள். எவ்வளவு கறாராகக் கேட்கிறோமோ அவ்வளவு செலவு. ஜப்பானில் ஒரு வேடிக்கை நடந்தது. 5 சதவீதம் வரை கலந்திருந்தாலும் 'மரபணு மாற்றப்படாதது' என்று போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது. இது ஏமாற்று என்று புகார் வந்து, 2023 ஏப்ரலிலிருந்து சோதனையில் அகப்படவே கூடாது, அப்போதுதான் அப்படிப் போடலாம் என்றார்கள். விளைவு, இத்தனை நாளாகச் சிரத்தையாகப் பிரித்து வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களே அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, 'கலக்காமல் பிரித்துக் கையாளப்பட்டது' என்று சுற்றி வளைத்து எழுத ஆரம்பித்தன. பொய் சொல்லக் கூடாது என்று இறுக்கியதில் மெய்யும் கொஞ்சம் மங்கிப்போனது.

ஆரோக்கியம் பற்றி ஒரு பத்தி. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி 2016ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, சந்தையில் இருக்கும் மரபணு மாற்றிய பயிர் உணவுகளுக்கும் சாதா ரகங்களுக்கும் மனித ஆரோக்கிய ஆபத்தில் வித்தியாசம் இருப்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இதை நான் ஏற்கிறேன். அதே அறிக்கை லேபிள் பற்றியும் பேசியது, ஆரோக்கியத்தைக் காரணம் காட்டி லேபிளைக் கட்டாயமாக்க நியாயம் இல்லை, ஆனால் இதில் ஆரோக்கியத்துக்கு அப்பால் சமூக, பொருளாதாரத் தேர்வுகள் இருக்கின்றன என்று. முதல் பாதியை மட்டும் எடுத்துப் பேசுபவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஆபத்து இல்லை, எனவே சொல்லத் தேவையில்லை என்கிறார்கள். சாறு பிழிந்ததா, செறிவுக் கரைசலில் நீர் சேர்த்ததா என்று லேபிளில் சொல்கிறோமே, அதில் என்ன ஆபத்து இருந்தது? எந்த நாட்டில் விளைந்தது, கூண்டில் அடைத்த கோழியின் முட்டையா என்பதெல்லாம் வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காகத்தானே சொல்கிறோம்.

எதிர்த் தரப்பின் நல்ல கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. விதையைக் கதிர்வீச்சிலோ ரசாயனத்திலோ வைத்து, டி.என்.ஏவைத் தாறுமாறாக உடைத்து, அதில் நல்லபடி வந்ததைப் பொறுக்கி உருவாக்கிய ரகங்கள் 3,000க்கும் மேல் உலகத்தில் இருக்கின்றன, நெல்லிலிருந்து கிரேப்ஃப்ரூட் வரை. எதற்கும் லேபிள் கிடையாது, கேட்பாரும் கிடையாது. எந்த மரபணு எங்கே போனது என்று தெரிந்து வைத்ததற்கு லேபிள், குத்துமதிப்பாகக் கலைத்துப் போட்டதற்கு இல்லையா என்று கேட்டால் லேபிள் ஆதரவாளருக்கு நேரான பதில் இல்லை. எனக்கும் இல்லை. இன்னொன்று, லேபிள் கேட்பவர்களிடம் உட்கார்ந்து பேசினால் அவர்கள் நிஜமாகக் கவலைப்படுவது களைக்கொல்லி, விதைக் காப்புரிமை, நான்கைந்து நிறுவனங்கள் கையில் விதை போய்ச் சேர்வது, இவற்றைப் பற்றித்தான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 2015ல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்தது, வேறு பல ஒழுங்குமுறை அமைப்புகள் அப்படி நினைக்கவில்லை. அதை ஒதுக்க விரும்புபவருக்கு ஜி.எம் லேபிள் உதவுமா? பாதிதான். மரபணு மாற்றாத கோதுமையையும் ஓட்ஸையும் அறுவடைக்கு முன் காயவைக்கச் சில நாடுகளில் அதே மருந்தைத் தெளிக்கிறார்கள், வைரஸுக்கு எதிராக மாற்றிய பப்பாளிக்கோ களைக்கொல்லியோடு சம்பந்தமே இல்லை. காப்புரிமையும் அப்படியே, சாதா ஒட்டு ரகங்களுக்கும் அறிவுசார் உரிமை உண்டு. கேட்க நினைத்தது நான்கு கேள்வி, அச்சாகும் பதில் ஐந்தாவது கேள்விக்கு.

இருந்தும் ஏன் வேண்டும் என்கிறேன்? ஒரு காரணம் ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோள ரகம். தீவனத்துக்கு மட்டும் என்று அனுமதித்த அந்த மக்காச்சோளம் 2000ல் அமெரிக்காவில் மனிதர் உண்ணும் டாகோ ஓடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். புகார் சொன்னவர்களைச் சோதித்ததில் அந்தப் புரதத்தால் அலர்ஜி வந்ததற்கான சான்று அகப்படவில்லை, நல்ல வேளை. ஆனால் அதைக் கண்டுபிடித்தது ஆர்வலர்கள் தாங்களாக அனுப்பிய சோதனை, ஒழுங்குமுறை அமைப்பு இல்லை. எந்தச் சரக்கு எங்கே போனது என்று யாரிடமும் ஒழுங்கான கணக்கு இல்லாமல் இருந்தது. லேபிள் என்பது பாக்கெட்டில் தெரியும் நுனி, அதற்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கணக்கு.

இன்னொன்று, நீங்கள் லேபிளைக் கட்டாயமாக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. 'ஜி.எம் இல்லாதது' என்ற தனியார் முத்திரைகள் வந்து உட்காரும், வந்துவிட்டன. உப்பில் அந்த முத்திரை இருக்கிறது. உப்புக்கு ஏது மரபணு? தண்ணீர் பாட்டிலில்கூட அதைப் பார்த்தவர்கள் உண்டு. டி.என்.ஏ உள்ள உணவுக்குக் கட்டாய லேபிள் வேண்டுமா என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 2015ல் கேட்டபோது 80 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். இதை வைத்து ஜனங்களைக் கேலி செய்வது சுலபம். அவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை, கடையில் கிடைத்த ஒரே பாடம் அந்த உப்பு பாக்கெட் முத்திரைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேலி கொஞ்சம் குறையும்.

இத்தனை சண்டையும் இப்போது பழசாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மரபணு திருத்தம் வந்துவிட்டது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், செடியின் சொந்த டி.என்.ஏவில் ஓரிரு எழுத்தை வெட்டி மாற்றுவது. பழைய ரகங்களைக் கண்டுபிடிக்க, டி.என்.ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர் சோதனையில் தேடுவது பெரும்பாலும் காலிஃபிளவர் வைரஸிலிருந்து எடுத்து ஒட்டிய ஒரு துண்டைத்தான். திருத்திய செடியில் அப்படித் தேட எதுவும் இல்லாமல் போகலாம். இயற்கையாக வந்த மாற்றமா, கத்தரி வைத்த மாற்றமா என்று செடியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல் இதுவும் பழைய சட்டத்துக்குள்தான் வரும் என்றது. 2023ல் ஐரோப்பிய ஆணையமே அதைத் தளர்த்தும் வரைவை முன்வைத்தது. இங்கிலாந்து அதே வருஷம் தனிச் சட்டம் போட்டு லேபிள் தேவையில்லை என்றது. 'உள்ளே என்ன' என்று கேட்பவர்களுக்கு இனிக் கேட்கவே ஒன்றும் இல்லை. 'எப்படி வந்தது' என்று கேட்பவர்களுக்கு மிஞ்சியிருப்பது செய்தவர் எழுதிக் கொடுக்கும் காகிதம், அவர் எழுதிக் கொடுத்தால்.

ஜப்பானில் 2021ல் முதல் திருத்தப்பட்ட தக்காளி விற்பனைக்கு வந்தது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் காபா என்ற பொருள் அதிகமாக உள்ள ரகம். லேபிள் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. நிறுவனம் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு நாற்றை இலவசமாகக் கொடுத்தது, இது மரபணு திருத்திய நாற்று என்று சொல்லியே. வளர்த்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் பழம் விற்பனைக்கு வந்தபோதும் பெட்டியில் அதைப் போட்டிருந்தார்கள்.